அன்பு மட்டும் போதுமா?

வீட்டில் ஒரு பிராணியை வளர்ப்பது மனிதனுக்கு மிகப் பழைய பழக்கம். பள்ளி விட்டு வரும்போது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும் நாய்க்குட்டியும், அடுக்களையில் அம்மாவின் காலைச் சுற்றிவரும் பூனையும், தாழ்வாரத்தில் தொங்கும் கிளிக்கூண்டும், கண்ணாடித் தொட்டியில் நீந்தும் தங்கமீனும் நமக்கு எவ்வளவோ மகிழ்ச்சி தருகின்றன. இவை நமக்கு இன்பம் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் இவற்றுக்கு நீதி செய்கிறோமா? இக்கேள்வியை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எங்கள் வீட்டுக் கிளி எண்ண வைக்கும் வரையில் நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் கோவில் திருவிழாக் கடைத்தெருவில் மாமா அதை வாங்கி வந்தார். அப்போது அது சரியாக இறகு முளைக்காத குஞ்சு. பாட்டி அதற்குப் பாலில் ஊறிய சோற்றை விரலால் ஊட்டி வளர்த்தார்கள். நாங்கள் அதற்கு அம்மு என்று பெயரிட்டோம். மாலைச் செபமாலை முடிந்ததும் பாட்டி சொல்லுவதைக் கேட்டுக் கேட்டு, "மரியே வாழ்க!" என்று சொல்லவும் கற்றுக்கொண்டது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "பாருங்கள், கிளிகூடச் செபம் சொல்லுகிறது" என்று வியந்து போவார்கள். அம்முவுக்குக் கொய்யாப்பழமும் பச்சை மிளகாயும் ஒரு நாளும் தவறியதில்லை. நாங்கள் அதனிடம் அன்பாய் இருந்தோம் என்று மனச்சாட்சியோடு சொல்ல முடியும்.

ஆயினும் ஒவ்வொரு நாளும் மாலை ஐந்தரை மணிக்கு ஒரு காரியம் நடக்கும். அந்த நேரத்தில் காட்டுக் கிளிகள் கூட்டம் கூட்டமாய் எங்கள் வீட்டின் மேலாகப் பறந்து தென்னந்தோப்புக்குப் போகும். அவற்றின் கீச்சொலி கேட்டதும் அம்மு கூண்டின் கம்பியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். வெட்டிய இறக்கைகளை அடித்துக்கொள்ளும். நாங்கள் கற்றுக்கொடுத்த எந்தச் சொல்லும் அல்லாத, தன் சொந்தக் குரலில் கத்தும். "அதற்கு விளையாட்டு" என்றுதான் நாங்கள் வெகுகாலம் நினைத்திருந்தோம். அது விளையாட்டல்ல என்று புரிந்தபோது எங்களுக்கு வெட்கமாயிருந்தது. அதன் பின்னரே இதைப்பற்றி நூலகத்தில் படிக்கவும், ஆசிரியைகளிடம் கேட்கவும் தொடங்கினோம். அப்படி அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஆளுவதா, பேணுவதா?

முதலில் நம் மறை என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில், கடவுள் விலங்குகளின்மீது மனிதனுக்கு ஆட்சியுரிமை அளித்தார் என்று படிக்கிறோம். இதை மட்டும் படித்துவிட்டு, 'விலங்குகளை நாம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்று கூறுவோர் உண்டு. ஆனால் அதே நூலின் அடுத்த அதிகாரத்தில், மனிதன் ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் அங்கே வைக்கப்பட்டான் என்று எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாக்கும் பொறுப்போடு சேர்ந்தே ஆளும் உரிமை கொடுக்கப்பட்டது என்பது தெளிவு.

விவிலியத்தில் இதற்கு மேலும் சான்றுகள் உள்ளன. விடுதலைப் பயண நூல், ஓய்வு நாளில் வீட்டார் மட்டுமல்ல, மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும் என்று கட்டளையிடுகிறது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்கிறது இணைச்சட்ட நூல். நல்லவன் தன் கால்நடையின் உயிரைப் பற்றியும் அக்கறை கொள்ளுவான் என்று நீதிமொழிகள் கற்பிக்கிறது. தோபித்து நூலில் இளைஞன் தோபியா வானதூதரோடு நெடும்பயணம் புறப்படும்போது அவனது நாயும் உடன் செல்லுகிறது. திரும்பும்போதும் அது பின்னாலேயே வருகிறது. அந்த நாய் கதையில் வேறொன்றும் செய்வதில்லை. கூடவே நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதையும் மறவாமல் எழுதி வைத்திருக்கிறார் ஆசிரியர்.

1992-ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், மனிதனின் வேலைக்கும் ஓய்வுக்கும் துணையாக விலங்குகளைப் பழக்குவது முறையே என்று கூறுகிறது. அதே இடத்தில், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்றும் கூறுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் எழுதிய 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், ஒவ்வொரு உயிருக்கும் அதற்கென ஒரு மதிப்பு உண்டு, அது மனிதனுக்குப் பயன்படுவதால் வருவது மட்டுமன்று என்று விளக்குகிறது. ஆகவே பிராணியை வளர்ப்பது பாவமா என்று கேட்டால், அல்ல என்பதே விடை. ஆனால் எந்தப் பிராணியை, எப்படி வளர்க்கிறோம் என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

நாய் நம்மிடம் வந்த கதை

விலங்குகளுள் மனிதனோடு முதலில் சேர்ந்தது நாய். அது ஓநாயின் வழித்தோன்றல். குறைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன்பே ஓநாய்களில் சில மனிதரின் குடியிருப்புகளை ஒட்டி வாழத் தொடங்கி, காலப்போக்கில் நாய்களாயின என்று அறிவியலார் கருதுகின்றனர். ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914-ல் ஒரு பழங்காலப் புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. அதில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளோடு ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழமையானவை. அந்த இளநாய் குட்டியாயிருந்தபோது கடும் நோயுற்றிருந்தது என்பதை அதன் பற்கள் காட்டுகின்றன. யாரோ வாரக்கணக்கில் பக்கத்திலிருந்து அதைப் பேணியிருந்தால்தான் அது அவ்வளவு நாள் பிழைத்திருக்க முடியும் என்று ஆய்வாளர் கூறுகின்றனர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளி நாய்க்குப் பணிவிடை செய்த அந்தக் கற்கால மனிதரை நினைத்தால் நெஞ்சம் நெகிழ்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டது அது. கால்நடைகளைக் கவர வந்த கள்வரோடு போராடி இறந்த வீரனின் உருவத்துக்கு அருகில், கள்வரைக் கடித்து எதிர்த்து நின்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்லுகிறது. 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது என்றால், அந்த நட்பின் ஆழத்தை என்னென்பது!

பூனையின் கதை வேறு. அதை யாரும் தேடிப் பிடித்துக் கட்டி வைக்கவில்லை. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் மக்கள் தானியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கியதும் எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன. எலித்தொல்லை குறைந்ததால் மனிதர் அவற்றை விரட்டவில்லை. பூனை தானாக வந்து தங்கிய விருந்தாளி எனலாம்.

பழக்கிய விலங்கும் வீட்டு விலங்கும்

இவ்விடத்தில் ஒரு முக்கியமான வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு காட்டு விலங்கைப் பிடித்துப் பழக்குவது வேறு; தலைமுறை தலைமுறையாய் மனிதரோடு வாழ்ந்து இயல்பே மாறிப்போன வீட்டு விலங்கு வேறு.

இதை விளக்கிக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று ரஷ்ய நாட்டில் நடந்தது. 1959-ஆம் ஆண்டு திமித்ரி பெல்யாயெவ் என்னும் அறிவியலார் நோவோசிபிர்ஸ்க் நகரில் வெள்ளிநிற நரிகளை வளர்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு மிகக் குறைவாக அஞ்சிய குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தார். சில தலைமுறைகளுக்குள்ளேயே மனிதரைக் கண்டதும் வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. பின்னர் தொங்கும் காதுகளும், உடலில் வெள்ளைத் திட்டுகளும்கூடத் தோன்றின! பிறவியிலேயே மனிதரை நாடும் குணம் அவற்றுக்கு அமைந்துவிட்டது.

நாயும் பூனையும் ஆடும் மாடும் அவ்வாறு மாறியவை. நாயைக் காட்டில் கொண்டு விட்டால் அது மகிழ்வதில்லை. வழியெல்லாம் நம்மைத் தேடும். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் அதே சுரப்புநீர் இருவர் உடலிலும் கூடுகிறது என்று 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தனர். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அவர்கள் இதைக் காணவில்லை.

பச்சைக்கிளி அப்படியன்று. அது மரப்பொந்திலிருந்து திருடப்பட்ட குஞ்சு. நம்மிடம் பழகலாம், நம் மொழியையும் பேசலாம். ஆனால் அதன் உள்ளம் காட்டுக் கிளியின் உள்ளம்தான். பறப்பதும், கூட்டமாய் இரை தேடுவதும், மாலையில் நூற்றுக்கணக்காய் ஒரே தோப்பில் அடைவதும் அதன் பிறவிக் குணங்கள். யானையும் இவ்வாறே. எத்தனை நூற்றாண்டுகளாய் மனிதர் அதைப் பழக்கி வந்தாலும் அது வீட்டு விலங்காக மாறவில்லை. பழகிய காட்டு விலங்காகவே இருக்கிறது.

ஐந்து சுதந்திரங்கள்

ஒரு பிராணிக்கு நாம் நீதி செய்கிறோமா என்பதை எதைக்கொண்டு அளப்பது? 1964-ல் ரூத் ஹாரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி பண்ணைகளில் கால்நடைகள் நெருக்கி அடைக்கப்படும் கொடுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது நாட்டையே உலுக்கியது. அரசு பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஒரு விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவும், கைகால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று அக்குழு 1965-ல் கூறியது. இக்கருத்தே 1979-க்குப் பின் 'ஐந்து சுதந்திரங்கள்' என வளர்ந்தது. அவை வருமாறு:

1. பசி, தாகம் இன்றி வாழும் சுதந்திரம்.
2. வெயில், மழை, நெருக்கடி முதலிய தொல்லைகள் இன்றி வாழும் சுதந்திரம்.
3. வலி, காயம், நோய் இன்றி வாழும் சுதந்திரம்.
4. தன் இயல்புக்கேற்ப நடந்துகொள்ளும் சுதந்திரம்.
5. அச்சமும் மனத்துயரமும் இன்றி வாழும் சுதந்திரம்.

இவை பண்ணை விலங்குகளுக்காக எழுதப்பட்டவை. ஆயினும் நம் வீட்டுப் பிராணிகளுக்கும் பொருந்தும். இந்த அளவுகோலை எங்கள் அம்முவுக்கு வைத்துப் பார்த்தோம். முதல் மூன்றிலும் அது தேறிவிட்டது. நான்காவதில் அல்ல, நாங்கள் தோற்றுப் போனோம். பறக்க முடியாத பறவைக்குக் கொய்யாப்பழம் ஈடாகுமா?

தங்கமீனைப் பாருங்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதை விட்டு மேசைமேல் அலங்காரமாய் வைக்கிறோம். 'மீன்தானே, அதற்கு என்ன தெரியும்' என்று நினைக்கிறோம். உண்மையில் தங்கமீன் நன்கு பேணினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஒரு சாண் நீளத்துக்கு வளரக்கூடியது. சிறு கிண்ணத்தில் அதன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா தண்ணீரை நஞ்சாக்குகிறது. வாய் குறுகிய கிண்ணத்தில் காற்றும் போதிய அளவு நீரில் கலப்பதில்லை. நம் வீடுகளில் தங்கமீன் சில வாரங்களில் இறந்துபோவதற்குக் காரணம் அதன் ஆயுள் அவ்வளவுதான் என்பதன்று. இத்தாலி நாட்டு மோன்சா நகரில் 2004-ல் இத்தகைய கிண்ணங்களில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தே விட்டார்கள்.

கூட்டமாய் வாழும் பிராணியைத் தனியே வளர்ப்பதும் அநீதி என்று சுவிட்சர்லாந்து கருதுகிறது. கினிப்பன்றி, கிளி போன்றவற்றைத் துணையின்றித் தனியாக வைத்திருக்கக்கூடாது என்று அந்நாடு 2008-ல் விதி செய்தது. தனிமை மனிதருக்கு மட்டும் உரிய துன்பம் அல்லவே.

நாய் வீட்டு விலங்குதான் என்றாலும், எந்த நாயையும் எங்கும் வளர்க்கலாம் என்று கொள்ளக்கூடாது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே தன் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளுகிறது. பனிநாட்டுக்கென்று அமைந்த அடர்ந்த மயிருள்ள நாயை நம் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கட்டினால் அதன் பாடு என்னவாகும்? 'பக்' போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே சிரமம். அழகுக்காக மூக்கைக் குட்டையாக்கிக்கொண்டே போனவர் மனிதர்; மூச்சுத் திணறுவது நாய். இதனால் நெதர்லாந்து நாட்டில் மிகக் குட்டையான மூக்குடைய நாய்களை இனவிருத்தி செய்யத் தடை இருக்கிறது. நம் நாட்டு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய இனங்களும், ஏன், தெருவில் பிறந்த சாதாரண நாட்டு நாயும் நம் வெயிலுக்கு ஏற்றவை. பெருமைக்காக வாங்குவதை விட்டுப் பொருத்தம் பார்த்து வளர்ப்பதே அறிவுடைமை.

சட்டமும் ஒரு தமிழ்ப் பெண்மணியும்

வாயில்லா உயிர்களுக்காக நம் நாட்டில் சட்டம் வரக் காரணமாயிருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பதை அறிந்தபோது நாங்கள் பெருமை அடைந்தோம். மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திராவை நிறுவிப் பரதக் கலையை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர். 1952-ல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான அவர், விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தார். பிரதமர் நேரு, அரசே இதற்கெனச் சட்டம் கொண்டுவரும் என உறுதி கூறியபின் அவர் அதைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாகவே 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-ல் சென்னையில் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று கேட்டால் நம்மில் பலர் திடுக்கிடுவர். உடலை அசைக்கப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது குற்றம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியால் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட வாய்ப்புத் தராமல் இருப்பதும் குற்றம். எத்தனை வீட்டு வாசல்களில் காலை முதல் இரவு வரை இரண்டு முழச் சங்கிலியில் நாய் கட்டிக் கிடக்கிறது! 'காவலுக்கு' என்று நாம் காரணம் சொல்லுகிறோம்.

கிளிகளைப் பற்றிய சட்டம் இன்னும் கடுமையானது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். முனியாக் குருவி, மைனா, நட்சத்திர ஆமை முதலியவற்றுக்கும் இவ்வாறே பாதுகாப்பு உண்டு. 'வீட்டில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம்' என்று நம்பி நட்சத்திர ஆமையை வைத்திருப்போர், அந்த ஆமைக்கு அதனால் என்ன அதிர்ஷ்டம் என்று சற்றே சிந்திக்க வேண்டும். செல்லப் பிராணிக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் சிறு கிளிகள் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை, கூண்டிலேயே பிறந்தவை, அவற்றை வளர்க்கத் தடையில்லை. ஆனால் அவையும் ஆயிரக்கணக்கில் கூட்டமாய்ப் பறக்கும் இனமே. சட்டம் தடுக்காதது எல்லாம் நியாயமாகிவிடாது.

இரு மறுப்புகள்

இதைப்பற்றி எங்கள் வகுப்பில் பேசியபோது தோழியர் சிலர் இரண்டு மறுப்புகளைக் கூறினர். அவற்றையும் நேர்மையாய்க் கேட்டுப் பார்ப்பதே முறை.

'வெளியில் பருந்து இருக்கிறது, பூனை இருக்கிறது, பசி இருக்கிறது. கூண்டில் அது பத்திரமாக இருக்கிறதே' என்பது முதல் மறுப்பு. இது உண்மையே. கூண்டுக்கிளி காட்டுக்கிளியைவிட நீண்ட நாள் வாழவும் கூடும். ஆனால், 'உனக்கு மூன்று வேளை சோறும் பாதுகாப்பும் தருகிறோம். ஆனால் ஆயுள் முழுதும் இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது, பேசுவதற்கு உன் இனத்தார் ஒருவரும் வர மாட்டார்கள்' என்று நம்மிடம் யாரேனும் கூறினால் நாம் சம்மதிப்போமா? நாம் ஒரு தவறும் செய்யாமல் சிறையிலிருப்பது போலல்லவா அது?

'அப்படியானால் நாயையும் பூனையையும் வளர்க்கவே கூடாதா' என்பது இரண்டாவது மறுப்பு. இதை நாங்கள் ஏற்கவில்லை. நம்மோடு வாழ்வதே அவற்றின் இயல்பாகிவிட்டது. அவற்றைக் கைவிடுவதுதான் அநீதி. குட்டியாக இருந்தபோது கொஞ்சிவிட்டு, வளர்ந்தபின் அல்லது வீடு மாறும்போது, கோணியில் போட்டு மார்க்கெட்டுப் பக்கம் விட்டுவிட்டு வருவோர் எத்தனை பேர்! தெருவில் பசியோடு அலையும் நாய்களில் பல, ஒரு காலத்தில் யாரோ ஒரு குழந்தையின் மடியில் உறங்கியவைதாம்.

நம் கடமைகள்

ஆகவே ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டு வருமுன் நாம் நம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். அது நம்மோடு வாழ்வதற்கு இயல்பிலேயே ஏற்றதா? ஒரு நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். நாம் மேற்படிப்புக்கு வெளியூர் போனபின் அதை யார் பார்ப்பார்கள்? அம்மாவின் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்துவிடாதா? தடுப்பூசிக்கும் வைத்தியத்துக்கும் வசதி உண்டா?

வளர்ப்பதென்று முடிவு செய்தபின் கடமைகள் பல. எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி அப்படி விற்பதற்கும் அனுமதியில்லை. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். இது நாய்க்கு மட்டுமன்று, நமக்கும் அண்டை வீட்டாருக்கும் பாதுகாப்பு. வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதை மறக்கக்கூடாது. நாம் கேட்க முடியாத ஒலிகளையும் கேட்கும் காது அதற்கு உண்டு; தீபாவளியன்று கட்டிலடியில் ஒளிந்து நடுங்கும் நாயைக் கண்டு சிரியாமல், அருகில் அமர்ந்து ஆறுதல் தர வேண்டும். குட்டிகள் பெருகிக் குப்பைமேட்டில் மடியாதிருக்கக் கருத்தடை அறுவை செய்து வைப்பதும் இரக்கமேயாகும்.

வளர்க்க வசதியில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. கோடையில் மதில்மேல் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் காகமும் மைனாவும் அணிலும் தாமே வரும். கூண்டின்றி வரும் அந்த விருந்தாளிகளே நம் செல்லங்கள்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள். ஒருநாள் ஓர் இளைஞன் காட்டுப் புறாக்களைப் பிடித்துச் சந்தைக்கு விற்கக் கொண்டு போனான். பிரான்சிஸ் அவனிடம் மன்றாடி அவற்றைப் பெற்றுக்கொண்டார். கூண்டு செய்து அடைக்கவில்லை. தம் கைகளாலேயே அவற்றுக்குக் கூடு கட்டிக் கொடுத்தார். புறாக்கள் அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் துறவிகளோடு அச்சமின்றிப் பழகின என்பது கதை. கூண்டுக்கும் கூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஏழைத் துறவி அன்றே அறிந்திருந்தார். 1979-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சுற்றுச்சூழல் ஆர்வலரின் பாதுகாவலராக அறிவித்தது மிகப் பொருத்தமே.

அம்மு என்ன ஆயிற்று?

இதை வாசிப்பவர்கள் எங்கள் கிளி என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். முதலில் கூண்டைத் திறந்து விட்டுவிடலாம் என்றே எண்ணினோம். ஆனால் குஞ்சிலிருந்து கையில் ஊட்டி வளர்த்த பறவைக்கு இரை தேடத் தெரியாது, பருந்துக்கு ஒளியவும் தெரியாது. அப்படித் திறந்து விடுவது விடுதலையன்று, கொலை என்று அறிந்துகொண்டோம். ஆகவே அப்பா அதை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. பாட்டி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தாமே கொய்யாப்பழத்தை நறுக்கி ஒரு டப்பாவில் வைத்து அப்பா கையில் கொடுத்தார்கள். "அதுக்குக் காம்பு பக்கம்தான் பிடிக்கும், சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து அப்பா விசாரித்து வந்தார். வெட்டிய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைத்துவிட்டனவாம். பெரியதொரு வலைக்கூடத்தில் மற்றக் கிளிகளோடு விட்டிருக்கிறார்களாம். ஆனால் இத்தனை ஆண்டுகள் பயன்படாத இறக்கைகளில் வலு குறைவு. தாழ்வாகக் கொஞ்சதூரம் பறக்கிறது. வெளியே விடும் நாள் வரலாம், வராமலும் போகலாம் என்று சொன்னார்களாம். நாங்கள் செய்த தவறை நாங்கள் நினைத்தபோது முழுவதும் திருத்திவிட முடியவில்லை. அன்போடு செய்த தவறும் தவறே என்பதை அம்மு எங்களுக்குக் கற்பித்தது.

இப்போதும் மாலை ஐந்தரை மணிக்குக் கிளிகள் எங்கள் வீட்டின் மேலாகப் பறந்து போகின்றன. பாட்டி முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "மரியே வாழ்க" என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். பதில் சொல்ல இப்போது கூண்டில் யாரும் இல்லை. தோழியரே, இனி எந்தத் திருவிழாக் கடையிலும் பொந்திலிருந்து எடுத்த குஞ்சை யாரேனும் நீட்டினால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்காதிருப்போமாக. வாங்குவார் இல்லையென்றால் பிடிப்பாரும் இல்லாமற் போவர். நம்மை நம்பி வந்த உயிரை இறுதிவரை பேணுவோம். நம்மிடம் வர விரும்பாத உயிரை அதன் வானத்திலேயே விட்டு வைப்போம். அன்பு மட்டும் போதாது. அது நீதியோடு சேர வேண்டும்.